ஹெனியா சித்தியின் தேதி

மெல்பர்ன்,
15 ஆகஸ்ட் 1971

அன்புள்ள லெயிப் மாமாவுக்கு,

நீங்கள் நியூயார்க்கில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே குளிர் இன்னும் விடவில்லை. அப்பாவுக்கு முதுகு வலி குறைந்து தையற்கூடத்துக்குப் போகிறார். வரலாற்றில் வகுப்பிலேயே நான்தான் முதல். அம்மா நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. அதற்குக் காரணம் நீங்கள்.

உங்கள் புத்தகத்தை மூன்று முறை படித்தவள் நான். நாஜி முகாமில் அம்மாவும் அவள் தங்கையும் பட்ட பாட்டை என் மாமா எழுதியிருக்கிறார் என்று வகுப்பில் எழுந்து நின்று சொன்னேன். அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

போன மாதம் அதை வைத்து எடுத்த படம் வந்தது. எங்கள் யூத ஜெப ஆலயத்திலிருந்து இரண்டு பஸ் நிறையப் போனோம். கைதிகளுக்கெல்லாம் வெள்ளை வெளேரென்று பல். ஒருத்தி உருளைக்கிழங்கைத் தோல் சீவித் தோலைக் கீழே எறிந்தாள். அம்மா சத்தமாகச் சிரித்துவிட்டாள். பின்வரிசையில் இருந்து பெய்லா மாமி, "ஸ்ஸ், ப்ளூமா! உன் கதைக்கு நீயே சிரிக்கிறியே, அழுறதுக்குத்தானே கைக்குட்டை கொண்டாந்தேன்" என்றாள். அதற்கு அம்மா, "தோலைத் தூக்கிப் போடுறாடீ! அந்தத் தோலுக்கு நாங்க அடிச்சுக்கிட்டது இவளுக்குத் தெரியுமா?" என்றாள்.

பிறகு அவள் சிரிக்கவில்லை. திரையில் ஹெனியா சித்தி அக்காவின் மடியில் தலை வைத்து, வயலின் இசைக்க, அழகாகச் செத்துப்போனாள். கீழே உங்கள் புத்தகத்தில் உள்ள அதே தேதி எழுத்தில் வந்தது: ஜனவரி 17, 1945.

இறந்த நாள் தெரியாதவர்களுக்கென்று நம் யூத நாட்காட்டியில் வைத்திருக்கும் தேபேத் மாதம் பத்தாம் நாளில்தான் அம்மா ஆண்டுதோறும் சித்திக்கு விளக்கேற்றுகிறாள். உங்களுக்கே தெரியும். படம் முடிந்ததும் எல்லோரும் அவளைக் கட்டிக்கொண்டு, "கடைசில தேதி கிடைச்சிருச்சு, ப்ளூமா!" என்று வாழ்த்தினார்கள், தொலைந்த பிள்ளை கிடைத்ததுபோல.

ஜெப ஆலயத்தில் இறந்தவர்களின் பெயர்களோடு வெண்கலப் பலகை வைக்கிறார்கள். அதில் சித்தியின் பெயருக்கு எதிரே உங்கள் தேதியைப் பொறிக்கக் கொடுத்துவிட்டார்கள். அம்மா வேண்டாம் என்றாள். ஆலயக் குழுத் தலைவர் ஸெலிக் கேட்கவில்லை. "புத்தகத்துல இருக்கு, சினிமாவுல இருக்கு. உங்களுக்கு அப்ப பதினாறு வயசு, காய்ச்சல் வேற. மறந்திருப்பீங்கம்மா" என்று அவளுக்கே எடுத்துச் சொன்னார். அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அன்றிலிருந்து ஜெப ஆலயத்துக்கும் போவதில்லை, என் முகத்தைப் பார்த்தும் பேசுவதில்லை.

வெள்ளிக்கிழமை அம்மா மீன் உருண்டைக்கு மீனை அரைத்துக்கொண்டிருந்தபோது நானே கேட்டேன், அந்தத் தேதி ஏன் தப்பு என்று. அரைப்பதை நிறுத்தாமலே சொன்னாள்: "பதினேழாம் தேதி அவ உயிரோட இருந்தா. எங்கிட்ட சூப் கேட்டா."

மறுநாள் காலையில் முகாமைக் காலி செய்து நடத்திக் கூட்டிப்போக, நடக்க முடிந்தவர்களை வரிசையில் நிற்கச் சொன்னார்களாம். சித்தியால் எழுந்திருக்க முடியவில்லை. அம்மாவால் முடிந்தது. அம்மா வரிசையில் போய் நின்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் சித்திக்கு என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது.

இதை உங்களிடமும் சொன்னாளாம். நீங்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து மூன்று நாள் எங்கள் வீட்டில் தங்கினீர்களே, அப்போது. இந்த இடம் வந்ததும் கருவியை நிறுத்தியது அம்மா இல்லை, நீங்கள். "போதும் ப்ளூமா, இதை நான் பார்த்துக்கறேன்" என்றீர்களாம்.

நன்றாகப் பார்த்துக்கொண்டீர்கள். சித்திக்கு ஒரு மடி கொடுத்தீர்கள், அம்மாவுக்கு ஒரு நல்ல மனசு கொடுத்தீர்கள், படம் பார்ப்பவர்களுக்கு நிம்மதியாக ஓர் அழுகை கொடுத்தீர்கள். இப்போது தேதி பொய் என்று அம்மா சொன்னால், உண்மையில் என்ன நடந்தது என்று ஸெலிக் கேட்பார். குழுவின் பதினாறு ஆண்கள் உட்கார்ந்திருக்கும் மேசைக்கு முன்னால் அவள் அதைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், தங்கை உயிரோடு சூப் கேட்ட நாளில் அவளுக்காக விளக்கேற்ற வேண்டும். நீங்கள் எழுதியதில் இப்படி ஒரு பக்கம் கிடையாது, மாமா.

பலகையைத் திறப்பது செப்டம்பர் பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை. எழுத்து வெட்டுபவரிடம் நானே போய்க் கேட்டேன். இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதிக்குள் சொன்னால் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடலாம் என்றார். அந்தத் தேதியை நீங்களாகக் கற்பனை செய்தீர்கள் என்று ஸெலிக்குக்கு ஒரு தந்தி அடியுங்கள். அம்மாவைப் பற்றி அதில் எதுவும் வேண்டாம். பொய் உங்களுடையது என்று மட்டும் போதும்.

நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. பெரியவர்களுக்கு இப்படி எழுதக் கூடாது என்றும் எனக்குத் தெரியும். ஆனால் சித்தியின் பெயரைத்தான் எனக்கு வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகையில் என் பெயருக்கு எதிரே பொய் இருக்கக் கூடாது.

அடுத்த மாதம் நம் யூதப் புத்தாண்டு வருகிறது. நல்ல ஆண்டுக்கு உங்கள் பெயர் இறைவனின் ஏட்டில் எழுதப்படட்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். நீங்களும் அந்த ஒரு வரியை எழுதிவிடுங்கள், மாமா.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்
ஹெனியா