கறுப்புப் படகில் மஞ்சள் பொட்டு

5-9-1986
என்னோடு ஆராய்ச்சி செய்யும் ஆபிரகாமின் மண்குடம் இன்று கம்ப்யூட்டர் திரையில் வந்துவிட்டது. ஒரு பொருளை இரண்டு இடத்திலிருந்து போட்டோ எடுத்து, இரண்டிலும் ஒரே புள்ளியைக் கண்டுபிடித்து, அதன் தூரத்தைக் கணக்கிட்டு, புள்ளிகளை முக்கோணங்களாக இணைத்தால் பொருளின் மேற்பரப்பு கிடைக்கும். நானும் அதைத்தான் செய்கிறேன். எனக்கு வரவில்லை. பேராசிரியர் அவன் முதுகில் தட்டினார். வயிறு எரிகிறது.

19-9
டில்லிக் கருத்தரங்குக்கு எங்களில் ஒருவரைத்தான் அனுப்புவார்களாம். அடுத்த சோதனை இருவருக்கும் ஒன்றே: என் நைனாவின் படகு.

12-10, தோணிரேவு
தார் பூசிய படகு. போட்டோவில் வெறும் கறுப்பாகத்தான் விழும், பிடித்துக்கொள்ள ஒரு புள்ளி கிடையாது. இன்று ஆயுத பூசை. அம்மா படகின் மூக்கில் மஞ்சள் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். ஆபிரகாம், "படகு பூரா வெச்சிடுங்கம்மா, அதான் எங்களுக்குப் புள்ளி" என்றான். அம்மாவும் வைத்தாள். பிறந்ததிலிருந்து இந்தப் பொட்டைப் பார்த்தவன் நான். எனக்கு ஏன் தோன்றவில்லை?

நைனா அவனிடம், "இன்னா தம்பி, ரெண்டு படத்துல முழுப் படகும் வந்துடுமா?" என்று கேட்டார். என்னிடம் இரண்டு வருடமாக எதுவும் கேட்டதில்லை.

நான் என் படங்களை எடுத்து முடித்தேன். அவன் முதல் படம் எடுத்ததுமே அம்மா, "வந்த புள்ள மொதல்ல சாப்புடட்டும்" என்று உள்ளே கூட்டிப்போய்விட்டாள். நான் ஏழு பொட்டைத் துடைத்து, நாலு விரல் தள்ளி வைத்தேன்.

அவன் சாப்பிட்டு வந்து இரண்டாவது படத்தை எடுத்தான்.

3-11
திரையில் அவன் படகின் வயிற்றில் ஒரு வீக்கம். "உன் கணக்கு தப்பு" என்றார் பேராசிரியர். என் படகு சுத்தமாக வந்தது. சந்தோஷமா? தெரியல.

10-11
மூன்றாவது தடவையாகக் கணக்கைப் பார்க்கிறான். சாப்பிடக்கூடப் போகவில்லை. சொல்லிடலாமா — சொன்னா டில்லி போச்சு. நைனா மூஞ்சில எப்டி முழிப்பேன்?

7-12, டில்லி ரயிலில்
ஆபிரகாம் சென்ட்ரலுக்கு வந்தான். என் பெட்டியை மேலே ஏற்றிவிட்டு, "தருமா, இதையும் அங்க பேசு, ஒனக்கு ஒதவும்" என்று ஒரு தாளைக் கொடுத்தான்.

கூடூர் தாண்டிய பிறகுதான் பிரித்தேன். செய்யாத தப்பைத் தேடித் தேடி, பொருந்தாத புள்ளிகளைக் கணக்கே கண்டுபிடித்து ஒதுக்கும் ஒரு வழியைப் போட்டிருக்கிறான். கீழே ஏழு புள்ளிகளின் எண்கள். 'இந்த ஏழையும் எடுத்துவிட்டால் என் படகும் சரியாக வருகிறது.' அவ்வளவுதான். ஏன் என்று எழுதவில்லை.

இந்த வழி எனக்குத் தோன்றவில்லையே என்றுதான் முதலில் நினைத்தேன்.