நாலு விரற்கடைக்கு அப்பால்

இன்று காலை கேமராப் பெட்டியைத் திறந்ததும் கிணற்றுப் பாசி வாசம் அடித்தது. குளோசப் லென்ஸின் கயிற்றில் நீ போட்ட முடிச்சு அப்படியே இருக்கிறது. லாரித் தார்பாய்க்குப் போடுகிற முடிச்சு. "சங்ககிரியில கட்டுனா கல்கத்தா போயும் அவுராது மாப்ள" என்று பீற்றிக்கொள்வாய்.

தண்ணீருக்குள் போன பிறகுதான் அந்த லென்ஸைக் கேமரா உறையின் கண்ணாடிமேல் மாட்ட வேண்டும். நடுவில் ஒரு காற்றுக்குமிழி நின்றாலும் படம் போச்சு. மாட்டிவிட்டால் நாலு விரற்கடை தூரத்தில் இருப்பது மட்டும் தெரியும், அப்பால் எல்லாம் புகை. உனக்கோ நீச்சல் தெரியாது, கிணற்றைக்கூட உட்கார்ந்துதான் எட்டிப் பார்ப்பாய். ஆனாலும் என் இடுப்புக் கயிற்றை வேறு யாரிடமும் தரமாட்டாய். "லென்ஸ மாட்டுனா நீ குருடு. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன், எறங்கு சாமி."

உச்சி வெயில் நேராக உன் தோட்டத்துக் கிணற்றுக்குள் விழுந்த அந்த மத்தியானம் நினைவிருக்கிறதா? மோட்டார்க் குழாயின் வாயோரம், வயிறு நிறைய முட்டையோடு ஒரு கூனி இறால். நெல்மணி நீளம்தான். முட்டைக்குள் குஞ்சுகளின் கண்கள் கறுப்பாகத் தெரிந்தன. மூச்சை அடக்கி நெருங்கினேன், ஒரு படம் எடுத்தேன். கயிறு வெடுக்கென்று இழுத்தது. பொறு என்று நான் கையைத் தூக்குவதற்குள் இன்னொரு இழுப்பு, பக்கத்துச் சுவரில் போய் மோதினேன். அப்போதுதான் மோட்டார் உறுமியது. பாசி மொத்தமும் குழாய் வாய்க்குள் ஓடியது.

கரண்ட் வந்த சில நொடியில் தானே மோட்டாரை ஓட்டிவிடும் ஆட்டோ ஸ்டார்ட்டரை அணைக்க இருவருமே மறந்திருந்தோம். கரண்ட் வந்து மோட்டார் ரூம் பல்பு எரிந்ததை நீ பார்த்திருக்கிறாய். மேலே வந்தபோது உன் உள்ளங்கை தோலுரிந்து கிடந்தது. "செத்துருப்பியேடா!" என்று கத்தினாய். அப்புறம் மெதுவாக, "படம் கெடச்சுதா?"

உன்னைக் கொண்டுபோன நெஞ்சுவலிக்கு முன்னால் எந்தப் பல்பும் எரியவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இன்று அதே கிணறு. கயிற்றை உன் மனைவி பிடித்தாள். "பியூசப் புடுங்கி மடியில வெச்சுருக்கறனுங்ணா. பயப்படாம எறங்குங்க" என்றாள். இறங்கினேன், லென்ஸை மாட்டினேன். அதே குழாயோரம் ஒரு கூனி இருந்தது. கயிறு அசையவில்லை. அசையாததுதான் நல்லது என்று எனக்குத் தெரியும். ஆனால் என் இடுப்பு உன் இழுப்புக்காகவே காத்திருந்தது. மூச்சு முட்டும்வரை காத்திருந்தேனடா.