முதல் கதிரைக் கையில் வாங்கியவர்கள்

தஞ்சாவூர்,
ஆனி 5.

அண்ணன் பகலவனுக்கு,

தங்கை செம்மொழி எழுதுகிறேன். அம்மா நன்றாக இருக்கிறாள். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, ஊரில் குறுவைக்கு நாற்று விட்டாயிற்று. அண்ணிக்குத் தோள்வலி தேவலையா? போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். இதையாவது முழுக்கப் படி.

சிவன் கோயில் கும்பாபிஷேக மலரில் என் பழைய கட்டுரையைப் போட்டால் உன் தலையில் பரிவட்டம் கட்டுவதாக விழாக் கமிட்டித் தலைவர் தியாகராசன் சொல்லியிருக்கிறார். நம் தெருவில் இதுவரை யாருக்கும் கட்டியதில்லை. நீயும் தோஹாவிலிருந்து டிக்கெட் போட்டுவிட்டாய். உன் சந்தோஷம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் அந்தக் கட்டுரையைத் தர மாட்டேன். இதை யார் கேட்டாலும் சொல்வேன்.

அதில் என்ன எழுதினேன் என்று உனக்கே தெரியும். அறுவடையில் முதல் கதிரை நம் தெருக்காரர்கள் தர்காவில் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். இதுவல்லவா சமய நல்லிணக்கம் என்று இருபத்து மூன்று வருடத்துக்கு முன்னால் எழுதினேன். டாக்டர் பட்டம், வேலை, ஜெர்மனிப் பயணம், இன்று சமய ஒப்பீட்டுத் துறையின் தலைவர் நாற்காலி, எல்லாம் அதை வைத்துத்தான். ஊர்ப் பெரிய மனிதர்கள் முப்பது பேரிடம் டேப் ரிக்கார்டரை நீட்டிக் கேட்டேன். கதிரைத் தலையில் சுமந்து போன நம் அம்மாவைக் கேட்கவில்லை. இவளிடம் என்ன கேட்பது என்ற படித்த திமிர், வேறென்ன?

இந்தத் தை மாதம் களத்தில் உட்கார்ந்து பேச்சுவாக்கில் அம்மாவே சொன்னாள். “கோயிலுக்குக் கொண்டு போனா வாசல்லயே கீழ வைக்கச் சொல்லி, தண்ணி தெளிச்சுத்தான் எடுப்பாங்க. தர்காவுல கையில வாங்கினாங்க. அதான் அங்க போனோம்.” மறுநாளே தர்காவுக்குப் போய், அதைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துச் சைத்தூன் பீவியைக் கேட்டேன். தன் மாமனார் இரண்டு கையையும் நீட்டி வாங்குவார் என்றார். இதுகூடத் தெரியாமலா இத்தனை வருஷம் எழுதினீங்க என்று என்னையே கேட்டார். வெட்கத்தில் செத்துப் போனேன், அண்ணே.

என் கட்டுரை தவறு என்று நானே பத்திரிகையில் எழுதிவிட்டேன். சென்னைக் கருத்தரங்கில் என் பெயரை எடுத்துவிட்டார்கள். துறையில் முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இரண்டு மதம் எங்கே கைகோக்கிறது என்று காலமெல்லாம் தேடினேன். யாரை வெளியே நிறுத்தியதால் அது நடந்தது என்று இப்போதுதான் கேட்கத் தெரிந்திருக்கிறது. இனி அதைத்தான் வகுப்பில் சொல்லிக்கொடுப்பேன்.

மலருக்கும் திருத்திய கட்டுரையைத்தான் அனுப்பினேன். போன ஞாயிறு தியாகராசன் வீட்டுக்கே வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். இப்போது எல்லோரும் கோயிலுக்குள் போகிறோம், பழசைக் கிளற வேண்டாம், ஊர்ப் பெயர் கெட்டுவிடும், உங்கள் அண்ணன் பரிவட்டத்தையும் யோசித்துப் பாருங்கள் என்றார். நான் வாயைத் திறக்குமுன் அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்றாள்.

“எம் மவன் தலையில கட்டுறதுக்கு எம் வாயக் கட்டணுமாய்யா?”

அவர் காபியை அப்படியே வைத்துவிட்டுப் போனார். அன்று முழுக்க அம்மா சாப்பிடவில்லை. நீ பட்டு கட்டி நிற்பதைப் பார்க்க அவளுக்கும் ஆசைதான், அழுதாள். ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. கட்டுரையை மலரில் போட மாட்டார்களாம். நான் தனியாக அச்சடித்து, கும்பாபிஷேகத்தன்று கோயில் வாசலிலேயே நின்று கொடுக்கப் போகிறேன். முதல் வரியில் காத்தாயி சொன்னது என்று அம்மா பெயர் இருக்கிறது.

தெரு தலைநிமிரும் நேரத்தில் கல்லைப் போட்டேன் என்று நீ ஊரெல்லாம் போன் செய்கிறாயாம். போடத்தான் போட்டேன். கோபம் இருந்தால் நேரில் வந்து திட்டு, வாங்கிக்கொள்கிறேன். டிக்கெட்டை மட்டும் கேன்சல் செய்துவிடாதே. வாசலில் அம்மாவும் நானும் நிற்போம், யார் என்ன சொல்வார்களோ தெரியாது. அம்மா உன்னை வரச்சொல் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. நீ வரும் தேதியை மட்டும் தினம் கேட்கிறாள்.

வெறுந்தலையோடு வா, அண்ணே. வந்து எங்கள் பக்கத்தில் நில்.

உன்னோடு சண்டைபோட வேறு யாருமில்லாத தங்கை,
செம்மொழி