நான்கு பக்கமும் திருப்பிய கண்ணாடி

9 ஜூன், திங்கள்

குழாயில் அரை மணி நேரம்தான் தண்ணீர். நான் எழுந்தபோது அதுவும் நின்றிருந்தது. ஆனால் வாசலில் எனக்கென்று ஒரு வாளி நிறைந்திருந்தது, மூடிமேல் செங்கலோடு. காலை ஷிஃப்டுக்குப் போகும் அவசரத்திலும் வேல்விழி பிடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நாங்கள் இருவரும் பென்னலூரில் இந்த அறைக்கு வந்து இரண்டு வருடம். இரண்டு வருடமாக நான் தூங்குமூஞ்சி, அவள் வாளி.

12 ஜூன், வியாழன்

ஆய்வில் முடிவு வந்துவிட்டது! இடக்கை மருந்துக்கு பிளஸ் பதினெட்டு. வலக்கை மருந்துக்கு மைனஸ் பதினேழு. எட்டு மாதத்துக்குப் பிறகு!

வேல்விழிக்குச் செருப்பை வைத்து விளக்கினேன். ஒரே மூலக்கூறு, இடது செருப்பு வலது செருப்பு போல இரண்டு வடிவம். ஒன்று நோயைத் தீர்க்கும், மற்றது உடம்புக்கு ஆகாது. எடை போட்டால் இரண்டும் ஒன்றுதான். இடமாகவும் வலமாகவும் சுழலும் ஒளியைப் பாய்ச்சினால்தான் வித்தியாசம் தெரியும், அதுவும் துளியூண்டு. அதைப் பெரிதாக்கத்தான் மருந்தை விடும் கண்ணாடிச் சில்லின் மேல் வரிசை வரிசையாகத் தங்கப் புள்ளிகள்.

"தங்கமா? எம்புட்டுட்டி இருக்கும்?"

"கண்ணுக்கே தெரியாதுடி."

"அப்ப மூக்குத்திக்குக்கூட ஆகாது."

என் கைடு காந்திமதி மேடம் சிரித்ததை இன்றுதான் பார்த்தேன். இருபத்து மூன்றாம் தேதி ரிவ்யூவில் முதலில் இதைத்தான் காட்ட வேண்டுமாம். அதில் தேறினால் ஆய்வு இன்னும் ஒரு வருடம் ஓடும். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

15 ஜூன், ஞாயிறு

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

வேல்விழிக்கு இன்று லீவு. சாப்பிடும்போது என் போனில் சில்லின் படத்தைப் பார்த்தாள். "இதுல எந்தப் பக்கம்ட்டி மேல?" சதுரம்தானே, எப்படி வைத்தாலும் ஒன்றுதான் என்றேன். அவள் விடவில்லை. அவளுக்கு ஒரகடத்தில் கார் பாகங்களை அளந்து பார்க்கும் வேலை.

"எங்க லைன்ல சந்தேகம் வந்தா பார்ட்டைத் திருப்பி வச்சு மறுபடி அளப்போம். திருப்புனாலும் அதே அளவு வந்தா, விஷயம் பார்ட்லதான் இருக்கு. மாறிட்டுன்னா, அளக்குற கேஜ்ல இருக்கு, இல்ல நாம வச்ச விதத்துல இருக்கு. நீ திருப்பிப் பாத்தியா?"

பார்க்கவில்லை. அதனால்தான் அவ்வளவு கோபம். "நட்டு போல்ட்டு அளக்கறவளுக்கு இது இன்னாடி புரியும்?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் எழுந்தாள். தட்டுகளைக் கழுவினாள், என்னுடையதையும் சேர்த்து.

16 ஜூன், திங்கள்

இன்றும் வாளி நிறைந்திருந்தது. செங்கலும் இருந்தது. காலியாக விட்டிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

18 ஜூன், புதன்

திருப்பினேன்.

அதே சில்லு, அதே இடக்கை மருந்து. கால் சுற்றுத்தான் திருப்பினேன். பிளஸ் பதினெட்டு, மைனஸ் பதினாறு ஆனது. இன்னொரு கால் சுற்று, மறுபடி பிளஸ். மருந்து பேசவே இல்லை! தங்கப் புள்ளிகள் வட்டமாக இல்லாமல் லேசாக நீண்டிருக்கின்றன. கருவி அந்த நீளத்தைத்தான் அளந்திருக்கிறது. வலக்கை மருந்துக்கு வந்த மைனஸ்? அன்று கழுவித் திரும்ப வைத்தபோது குறுக்கே வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். அடையாளம் இல்லாத சதுரம், எனக்கு எப்படித் தெரியும்?

ரிவ்யூவில் யாரும் திருப்பிப் பார்க்கப் போவதில்லை. இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அதுதான் மனதில் ஓடுகிறது.

19 ஜூன், வியாழன்

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

20 ஜூன், வெள்ளி

மாலையில் கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கே போய்விட்டேன். வேல்விழி இறங்கியதும், "நீ சொன்னதுதான்டி. நான் வெச்ச விதத்துலதான் கீது" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"மேடம்ட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"நானும் ஒரு தடவ தப்பா அளந்தத சொல்லாம விட்டேன். ஒரு ட்ரே பார்ட்டு அப்படியே வண்டி ஏறிப் போயிட்டு. மூணு நாளு சோறு எறங்கல. பொறவு நானே போய்ச் சொன்னேன்." பையைத் தோள் மாற்றிக்கொண்டாள். "நட்டு போல்ட்டுகாரிகிட்ட மன்னிப்பு கேக்க வந்தியா?"

"அதான் கேட்டுக்கினு கீறேனே."

"சாப்ட்டுட்டு கேளு. பசிக்கி."

இவளை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று இவளிடம் சொன்னதே இல்லை. இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

21 ஜூன், சனி

மேடத்திடம் சொன்னேன். திரையில் அந்த எண்களை மறுபடி படித்தார். "அப்ப திங்கட்கிழமை எதைக் காட்றது எழிலரசி?" "இதையேதான் மேடம். எப்படி ஏமாந்தேன்னு."

23 ஜூன், திங்கள்

ஒரு வருடம் கேட்டோம், ஆறு மாதம் கொடுத்தார்கள். அழவில்லை. சரி, கொஞ்சம்.

2 ஆகஸ்ட், சனி

புதுச் சில்லுகள் வந்தன. புள்ளிகள் இந்த முறை நல்ல வட்டம். எந்தப் பக்கம் மேல் என்று தெரிய ஒவ்வொன்றிலும் ஒரு மூலை வெட்டியிருக்கிறது. வேல்விழி காகிதத்தில் வரைந்து கொடுத்ததை அப்படியே அனுப்பியிருந்தேன்.

7 செப்டம்பர், ஞாயிறு

மேடம் அனுமதியோடு வேல்விழியை ஆய்வகத்துக்கு அழைத்துப் போனேன். தண்டலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டே வந்தாள். உள்ளே போய்க் கையுறையை மாட்டியதும் வேறு ஆள். என்னைத் தள்ளி உட்காரச் சொன்னாள். இரண்டு மருந்தில் எதை விட்டாள் என்றும் காட்டவில்லை. அவளே வைத்தாள், அவளே திருப்பினாள், அவளே படித்தாள். நான் எழுதினேன்.

"பிளஸ் மூணு." திருப்பினாள். "மூணு." திருப்பினாள். "ரெண்டே முக்கால்." திருப்பினாள். "மூணு."

கழுவிவிட்டு மற்ற மருந்தை விட்டாள். நான்கு பக்கமும் மைனஸ் மூன்றை ஒட்டியே வந்தது. முதலில் இடக்கை, இப்போது வலக்கை என்றேன். பாட்டில்களின் லேபிளைத் திருப்பிக் காட்டினாள். சரியாகத்தான் இருந்தது.

பதினெட்டு எங்கே, மூன்று எங்கே! வேல்விழி என் நோட்டை வாங்கி எட்டு எண்களையும் விரல் வைத்துப் பார்த்தாள். லைனில் ஒரு ட்ரேயைப் பாஸ் பண்ணுவது போலத் தலையாட்டினாள்.

"பார்ட்லதான்ட்டி இருக்கு."

நாளை அவளுக்குக் காலை ஷிஃப்ட். இன்று மாலையும் தண்ணீர் வந்தது, இரண்டு வாளி பிடித்து வைத்துவிட்டேன். செங்கல் ஒன்றுதான் இருக்கிறது. அதை அவள் வாளிமேல் வைத்தேன்.