காரவள்ளிக்கு மேலே புத்தகம் திறக்காது

செம்மேடு
ஆனி மாதம், வியாழக்கிழமை

அன்புள்ள தேனுவுக்கு,

நானும் அப்பாவும் இங்கே நன்றாக இருக்கிறோம். நீயும் நன்றாக இருப்பதாகப் போனில் சொன்னாய், உன் குரல் அதை முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை, இருந்தாலும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுகிறாய் என்றே வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். மலையில் பலா முடிகிற நேரம். யார் வீட்டுக்குப் போனாலும் சுளை கொடுக்காமல் அனுப்புவதில்லை, வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்கிறார்கள், வாங்கிக்கொண்டால் வீட்டில் ஈ மொய்க்கிறது. காலையில் தூறல், மத்தியானம் வெயில், சாயங்காலம் மறுபடி தூறல், துணி காய்வதில்லை என்பதைத் தவிர வேறு குறையில்லை. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் எதைச் சொன்னாலும் சரிம்மா சரிம்மா என்று முடித்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி முடிக்க முடியாது.

அடுத்த மாதம் உனக்கு மறுபடியும் வாய்மொழித் தேர்வு. இந்த முறையும் தவறினால் ஆராய்ச்சிப் பதிவையே ரத்து செய்துவிடுவார்கள் என்று நீ சொன்னதிலிருந்து அப்பா நீ படிக்கிற ஜோர்ஹாட்டுக்கு ரயில் பார்த்துக்கொண்டிருக்கிறார். வந்து என்ன செய்வீர்கள் என்று கேட்டால், கூட இருப்பேன் என்கிறார். நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன். முதல் தேர்வு முடிந்த அன்றைக்கு நீ அழுதுகொண்டே, “தேயிலைத் தோட்டத்துக் கரையானப் பத்தி அவ்வளவு கட்டுரை படிச்சேம்மா, அவங்க கேட்டப்ப தொடைச்சு வெச்ச மாதிரி இருந்துச்சு” என்றாய். அது எனக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன்னால், வேக வாசிப்பு வகுப்பு ஒன்றில் சேரட்டுமா என்று வீடியோவை அனுப்பி என் கருத்தைக் கேட்டாய், முயன்று பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். பார்த்தேன். வரிக்குக் கீழே விரலை ஓட்ட வேண்டும், மனதுக்குள் உச்சரிக்கக் கூடாது, ஒரே பார்வையில் நாலைந்து சொற்களை அள்ள வேண்டும், விட்டதைத் திரும்பிப் பார்க்கவே கூடாது. கோட்டு போட்ட அந்தத் தம்பி சொல்லும்போது நன்றாகத்தான் இருக்கிறது. அப்பாவும் கூட உட்கார்ந்து பார்த்துவிட்டு அன்றைக்கே ஆரம்பித்தார். அலமாரியில் கிடந்த தடிமனான புத்தகம் ஒன்றைச் சாப்பாட்டு வேளைக்குள் முடித்துவிட்டு வந்து என் முன்னால் நின்றார். என்ன இருக்கிறது அதில் என்று கேட்டேன். “நல்ல புத்தகம்” என்றார்.

நான் சிரித்தேனே தவிர, எதையும் முயன்று பார்க்காமல் ஒதுக்குவது எனக்குப் பிடிக்காது. இங்கே மலையிலேயே வளப்பூர் நாட்டு ஊர்களின் மிளகு விவசாயிகள் கூட்டம் ஒன்று இருந்தது, கொடி வாடல் நோயைப் பற்றி எங்கள் தோட்டக்கலைத் துறையிலிருந்து புதிதாக வந்த கையேட்டை விளக்க வேண்டியது என் வேலை. அதை விரலை ஓட்டியே படித்தேன். ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது, எனக்கே பெருமையாக இருந்தது. கூட்டத்தில் பெருமாயி என்று ஒரு விவசாயி, நல்ல குரல், முன்வரிசையில்தான் உட்காருவார், “கொடி ஏற்கெனவே மஞ்சளடிச்சுப் போச்சுன்னா என்னங்க பண்றது?” என்று கேட்டார். கையேட்டின் அந்தப் பக்கம் என் கண்முன் தெரிந்தது, தேனு. வலது மூலையில் மஞ்சள் இலை படம், அதற்குக் கீழே ஏதோ ஒரு கட்டம். கட்டத்துக்குள் என்ன எழுதியிருந்தது என்பது மட்டும் வரவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று கையேட்டைப் புரட்ட ஆரம்பித்தேன். “ஏனுங்க மேடம், படிச்சதெல்லாம் வர்ற வழியிலயே எறங்கிருச்சுங்களா?” என்றார் பெருமாயி. கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

அதற்கப்புறம் நடந்ததுதான் உனக்குச் சொல்ல வேண்டியது. திங்கட்கிழமைதோறும் எனக்கு நாமக்கல்லில் ஆய்வுக் கூட்டம், சாயங்கால பஸ்ஸில் மலை ஏறுகிறேன். சேந்தமங்கலத்தில் ஜெனிபர் ஏறுவாள். இங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ், தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், பணியில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, கொண்டை ஊசி வளைவு ஆரம்பித்தால் முகம் வெளுத்துவிடும். சமதளத்தில் போகிற வரைக்கும் நான் ஏதாவது படித்துக்கொண்டு வருவேன், அடிவாரத்தில் காரவள்ளி வந்ததும் மூடிவிட வேண்டும், அதற்கு மேலே எழுத்தைப் பார்த்தால் எனக்கும் குமட்டும். வழியெல்லாம் கிறுகிறுப்பை மறக்க இந்த பஸ்ஸில் எல்லாரும் எதையாவது பேசிக்கொண்டுதான் வருவார்கள், சிலர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டே பேசுவார்கள். அன்றைக்கு ஜெனிபர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எதையாச்சும் சொல்லிட்டே வாங்க மேடம், நீங்க நிறுத்துனா எனக்கு வாந்தி வந்துரும், உங்க சேலைக்கு நான் பொறுப்பில்ல” என்றாள். சொந்தக் கதை பேசுகிற வழக்கம் எனக்கு இல்லை, உனக்கே தெரியும். கையில் இருந்தது அந்த வாடல் நோய்க் கையேடுதான், பெருமாயியிடம் பட்ட வெட்கத்தில் அன்றைக்கு நிதானமாக மறுபடி படித்திருந்தேன். அதையே சொல்ல ஆரம்பித்தேன். இரண்டு வளைவு தாண்டுவதற்குள் தடுக்கியது. தண்ணீர் தேங்கக் கூடாது என்றேன், ஏன் என்றாள். நோய் வந்த கொடியை எடுத்துவிட வேண்டும் என்றேன், எடுத்து எங்கே போடுவது என்றாள். தெரியவில்லை. படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்த இரண்டு இடத்தை மட்டும் பார்த்தேன், இன்றைக்கும் மறக்கவில்லை.

அடுத்த திங்கள் கண்டக்டர் செங்கோடன் டிக்கெட் கிழிக்கும்போதே, “மேடம், போன வாரம் கொடிய நட்டாத்துல உட்டுட்டு எறங்கிட்டீங்க, மேல சொல்லுங்க” என்றார். பின்சீட்டில் இருந்தவர்களும் காது கொடுத்தார்கள். ஒரு வாரம் பெருமாயியே அந்த பஸ்ஸில் இருந்தார், பலாப்பழம் விற்றுவிட்டு வெறுஞ்சாக்கோடு. மஞ்சளடித்த கொடியைப் பற்றி வேண்டுமென்றே மறுபடி கேட்டார். பையைத் தொடாமல் பதில் சொன்னேன். “பரவால்லீங்க, எறங்குனது திரும்ப ஏறிருச்சாட்டிருக்குது” என்றார். பதவி உயர்வு வந்தபோதுகூட நான் அவ்வளவு சந்தோஷப்படவில்லை.

இதை உடனே நம்பிவிட்டேன் என்று நினைக்காதே. ஜெனிபரின் கேள்விகள் காரணமா, சேலையைப் பற்றிய பயம் காரணமா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. அதனால் வாரத்துக்கு இரண்டு கட்டுரை எடுத்துக்கொண்டேன். ஒன்றைப் படித்து மூடிவிட்டு பஸ்ஸில் சொன்னேன், இன்னொன்றை யாரிடமும் சொல்லாமல் வீட்டில் மறுபடி மறுபடி படித்தேன். அடுத்த வாரம் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தால் சொன்னது வந்தது. திரும்பத் திரும்பப் படித்தது, எங்கோ பார்த்த முகம் மாதிரி, பெயர் மட்டும் வரவில்லை. ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு பஸ், இதை ஆராய்ச்சி என்று சொன்னால் உன் பேராசிரியர்கள் சிரிப்பார்கள். ஆனாலும் அந்தத் தம்பியின் வீடியோவைவிட இதில் எனக்கு நம்பிக்கை அதிகம். வேகத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வாடல் நோயைப் பற்றி இரண்டாவதாக வந்த கையேட்டைப் பாதி நேரத்தில் படித்தேன், விரல் ஓட்டியதால் அல்ல, பாதி விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்ததால். எதையும் எடுத்தவுடன் முதல் வரியிலிருந்து தொடங்காமல் தலைப்புகளையும் முடிவுரையையும் பார்த்து, இதில் எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சிலவற்றைப் படிக்காமலே விட்டுவிடுகிறேன், அதுவும் வேகம்தான். உன் மேசையில் இருக்கிற குவியலிலும் விடக்கூடியவை இருக்கும், வழிகாட்டியிடம் வெட்கப்படாமல் கேள்.

கண்ணு, முதல் தேர்வைப் பற்றி நான் நிறைய யோசித்தேன். நீ சோம்பேறி இல்லை, மறதிக்காரியும் இல்லை. மாதக்கணக்காகப் படித்தாய், கோடு போட்டாய், திரும்பப் படித்தாய், ஆனால் ஒரு தடவையாவது யாரிடமாவது வாய்விட்டுச் சொன்னாயா? நீ முதன்முதலில் வாய் திறந்ததே அந்த ஐந்து பேராசிரியர்கள் முன்னால்தான் என்று நினைக்கிறேன். அங்கே யாருக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். உன்னால் முடியும் என்று நான் எழுதப் போவதில்லை, அதை எல்லாரும் எல்லாருக்கும் சொல்கிறார்கள். முதல் முறை ஏன் முடியவில்லை என்று எனக்குத் தெரிந்த மாதிரி இருக்கிறது, அதை மட்டும் எழுதுகிறேன். காரணம் தெரிந்த நோயைக் கண்டு நான் பயப்படுவதில்லை. அதனால் அந்த வகுப்புக்குப் பதிலாக இதைச் செய். தினமும் ஒரு கட்டுரையைப் படித்து மூடி வைத்துவிட்டு, சாப்பிட்டதும் என்னைக் கூப்பிட்டுச் சொல். கரையானைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அது நம் கதவு நிலையைத் தின்றது என்பதுதான், ஆகவே ஒன்றும் தெரியாதவளாக நடிக்க வேண்டிய சிரமம்கூட எனக்கு இல்லை. புரியாத இடத்தில் நிறுத்துவேன், எரிந்து விழக் கூடாது. அப்பாவும் கேட்பார், அவர் கேள்வி கேட்க மாட்டார், ஊம் கொட்டுவார், அதுவும் உனக்கு வேண்டியிருக்கும். ஒருவேளை தேர்வு கைவிட்டுப்போனால் அன்றைக்கும் அதே நேரத்தில் கூப்பிடு, அடுத்து என்ன செய்வது என்று பேசுவோம். எந்த முடிவு வந்தாலும் அந்த நேரத்துக்கு இந்தப் போனை வேறு யாருக்கும் எடுக்க மாட்டேன்.

மறந்துவிட்டேனே, மலை மிளகும் பலாச்சிப்ஸும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், சிப்ஸை அறைத்தோழிகளுக்கும் கொடு. இரவில் தலைக்குக் குளிக்காதே, தேர்வுக்கு முந்தின நாள் நன்றாகத் தூங்கு. நீ படித்ததெல்லாம் உனக்குத் துணை நிற்கட்டும், மனம் நிறைந்து வாழ்த்துகிறேன், அப்பாவின் ஆசியும் உண்டு. நாளைக்கு நான் தபாலில் சேர்த்தாலும் இது உன் கைக்கு வர ஒரு வாரமாகலாம், அதனால் படம் எடுத்தும் அனுப்பிவிடுகிறேன். படித்த அன்றைக்கே ஆரம்பித்துவிடலாம். கட்டுரையை மூடிவிட்டுத்தான் கூப்பிட வேண்டும், பக்கம் புரட்டுகிற சத்தம் எனக்கு இங்கே நன்றாகவே கேட்கும்.

உன் முதல் கேள்விக்காரி,
அம்மா