வெண்ணெய் அச்சு

நகரமே கதியென்று போனவருக்கு,

நேற்று உங்கள் தம்பி ஹால்வர் வண்டியோடு வந்தார்.

"அண்ணி, இரும்பு அடுப்ப ஏத்திட்டு வரச் சொன்னாரு அண்ணன்."

"உள்ள ரொட்டி வேகுது. முடிஞ்சா கைய வச்சுத் தூக்குங்க, தம்பி."

காப்பி குடித்துவிட்டு வெறும் வண்டியோடு திரும்பினார். அடுப்பு போனால், பனிக்கு முன்னே இந்தப் புல்வெளியை விட்டு நானும் பின்னால் வந்துவிடுவேன் என்று கணக்குப் போட்டீர்களா?

நான் கடையும் வெண்ணெயைத்தான் ஊர்க் கடையில் முதலில் கேட்கிறார்கள். ஆனால் கட்டியின் மேல் பதிவது உங்கள் பெயரின் முதலெழுத்து. மர அச்சிலிருந்து அதைச் சுரண்டிவிட்டேன். அங்கே ஒரு கோதுமைக் கதிர் செதுக்கினேன். கொஞ்சம் கோணல்தான், இருக்கட்டும்.

கையெழுத்தைத் தேடாதீர்கள். கீழே வெண்ணெய்க் கறையாகத் தெரிகிறதே, அந்தக் கதிர்தான் நான்.