தண்ணீரை நிறுத்தச் சொன்னவருக்கு

குட்டியின் அப்பாவுக்கு,

வணக்கம். குட்டி பிழைத்துக்கொண்டான். அதை முதலில் எழுதிவிடுகிறேன், மீதியைப் படிக்க உங்களுக்குத் தெம்பு வேண்டுமே. இன்று காலை டிரிப்ஸைக் கழற்றிவிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து என் அடையாள அட்டையைக் கடித்துக்கொண்டிருக்கிறான்.

இனி என் கோபம். நேற்று போனில் கேட்டீர்களே, "நீயெல்லாம் என்ன நர்ஸு? சொந்தப் பிள்ளையப் பாத்துக்கத் தெரியலையா?" என்று. அப்போது நான் குழந்தைகள் வார்டின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன், சுற்றிலும் பத்துத் தாய்மார். வாயை மூடிக்கொண்டேன். கடிதத்தில் மூடிக்கொள்ள வேண்டியதில்லை.

திங்கட்கிழமை நான் டியூட்டிக்குக் கிளம்பும்வரை பயல் நன்றாகத்தான் இருந்தான். பிறகுதான் வயிற்றுப்போக்கு ஆரம்பித்திருக்கிறது. உங்கள் தங்கை என்னை ஆறு தடவை கூப்பிட்டிருக்கிறாள். போனை லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் நாங்கள் வார்டுக்குள் போக வேண்டும், உங்களுக்குத் தெரியாததா? வேறு வழியில்லாமல் உங்களைக் கேட்டாள். நீங்கள் ஆயிரம் மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு பெரிய டாக்டர் மாதிரி செய்தி அனுப்பினீர்கள்: "குடிக்கக் குடிக்கத்தான் போகுது. தண்ணிய நிறுத்து, தானா நின்னுடும்."

அண்ணன் சொன்னால் அவளுக்கு வேதவாக்கு. பிள்ளை டம்ளரைப் பார்த்து அழுத போதெல்லாம் ஒளித்து வைத்திருக்கிறாள். பாலும் கொடுக்கவில்லை. சாயங்காலம் நான் வந்தபோது அவனுக்கு அழக்கூடத் தெம்பில்லை. கண் குழி விழுந்து, உச்சிக்குழி உள்ளே இறங்கி, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் கிள்ளியபடியே நிற்கிறது. எத்தனையோ பிள்ளைகளிடம் பார்த்ததுதான். இப்போது என் பிள்ளையிடம். அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஊசி போட நரம்பே கிடைக்கவில்லை, ஹெட் நர்ஸ் அக்கா நாலாவது தடவைதான் பிடித்தார். பிள்ளை வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. அந்த நேரத்தில் உங்களைத் திட்டிய திட்டைக் காகிதத்தில் எழுத முடியாது.

தண்ணீராகப் போகிற பிள்ளைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள், வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி கொடுங்கள், பாலை நிறுத்தாதீர்கள் என்று வார்டில் தாய்மாரிடம் தினமும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறேன். என் வீட்டு அலமாரியில் அந்தக் கரைசல் பொடிப் பொட்டலம் நாலு கிடந்தது. எதற்கென்று உங்கள் தங்கைக்கு ஒருநாள்கூட நான் சொன்னதில்லை. நர்ஸ் வீட்டில் இருப்பவளுக்குத் தெரியாமலா போகும் என்று இருந்துவிட்டேன். அது என் தப்பு. அதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் அவளை எதற்குத் திட்டினீர்கள்? தண்ணீரை யார் நிறுத்தச் சொன்னது என்று டாக்டர் கேட்டபோது, "நானாத்தான் செஞ்சேன்" என்றாள். உங்கள் செய்தியை அவள் போனில் பார்த்துத்தான் எனக்கே விஷயம் தெரிந்தது. அப்பேர்ப்பட்டவளிடம், "ஏண்டி இப்படிப் பண்ணினே?" என்று கேட்டீர்களாம். அவளும் "மன்னிச்சிடுண்ணா" என்றாளாம். உங்களுக்குக் கொஞ்சமாவது வெட்கமாக இருந்ததா?

மூன்று நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. வார்டு வாசல்வரை வருகிறாள், உள்ளே வரமாட்டேன் என்கிறாள். "என் கையாலதான், அண்ணி, அவன் சாகப் பாத்தான், இனிமே அவனத் தொடமாட்டேன்" என்கிறாள். நான் சொல்லும் சமாதானம் எதுவும் அவள் காதில் ஏறவில்லை. நீங்கள் சொன்னால் ஏறும்.

என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். இப்போதைக்கு மன்னிக்கிற நிலையில் நான் இல்லை. கடிதம் கிடைத்ததும் அவளைக் கூப்பிட்டு, தப்பு உங்களுடையது என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அடுத்த வாரம் நான் டியூட்டிக்குப் போயாக வேண்டும். பிள்ளையை அவளிடம்தான் கொடுத்துவிட்டுப் போவேன், வேறு யாரிடமும் கொடுக்க எனக்கு மனமில்லை. நான் கொடுக்கும்போது அவள் கை நீட்டி வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் தீராத
உங்கள் மனைவி